பின்தொடர்வோரும் கேட்போரும்

திருக்குறளின் அமைச்சியலில் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அறிதல் முன்னும் அஞ்சாமை பின்னுமாக அவை வைக்கப்பட்ட முறைமையை எங்கள் விரிவுரையாளர் ஒருவர் முதலாம் வருட வகுப்பில் விதந்து கூறினார். யாருக்குச் சொல்கிறோம் என்பதை அறியாதவனுக்கு அச்சமின்மை இருந்தும் பயனில்லை என்பது அவர் கொண்ட பொருள். அன்று அதனைப் பரீட்சைக்கு உதவும் குறிப்பாக எழுதிக்கொண்டேன். சுகாதாரத் துறையைச் சேர்ந்த தொழில்வல்லுநர் சங்கமொன்றின் சமூக ஊடகப் பணியில் ஓராண்டு காலம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த பின்னர், அக்குறிப்பு மருத்துவரும் தாதியரும் மருந்தாளரும் இன்று நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒரு வினாவாக எனக்குத் தோன்றலாயிற்று. அச்சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதன்று. நான் கூறப்போகும் நிலைமை அதற்கு மட்டும் உரியதுமன்று.

மருத்துவபீடத்திற் பயிலும் பாடசாலைத் தோழி ஒருத்தியே என்னை அங்கு அழைத்துச் சென்றாள். சங்கத்தின் முகநூற் பக்கத்தில் வெளிவரும் சுகாதாரச் செய்திகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுச் சிங்களத்துக்கு மாற்றப்படுவன. தமிழுக்கு ஆளில்லை. கலைப்பீடத்தில் தமிழ் பயிலும் ஒருத்தி அகப்பட்டால் விடுவார்களா? ஊதியமில்லாத பணி, மாதமொரு முறை இரவு எட்டு மணிக்கு இணையவழிக் கூட்டம். அக்கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்ளப்படும் விடயம் எப்போதும் ஒன்றே. சென்ற மாதம் பக்கத்தைப் பின்தொடர்வோர் தொகை எவ்வளவு கூடிற்று என்பதை வரைபொன்றில் காட்டுவர். கோடு மேலேறியிருந்தால் கூட்டம் இனிதே நடைபெறும். படுத்திருந்தால், வண்ணங்கள் போதா, படங்கள் போதா, காணொளி வேண்டும், நடிகர் ஒருவரைப் பிடிக்கலாமா என்றெல்லாம் ஆராய்ச்சி நீளும். பின்தொடர்வோர் என்ற சொல்லே எனக்குச் சற்று இடர்ப்பாடாயிருந்தது. தமிழில் ஒருவரைப் பின்தொடர்பவை நிழலும் ஒற்றனும் கடன்காரனுமே. செவிகொடுப்பவன் பின்தொடர்வதில்லை, எதிரே அமர்ந்திருக்கிறான்.

ஆயினும் அவர்களுடைய ஆவலை நகைத்து ஒதுக்குதல் நேர்மையாகாது. நம் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் நெடுங்காலம் தமக்குள்ளேயே பேசிவந்தவை. அவற்றுள் மூத்ததாகிய இலங்கை மருத்துவச் சங்கம் 1887ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளையாகத் தோன்றியது. மாநாடு, ஆய்வேடு, ஆண்டுச் சொற்பொழிவு என அதன் மரபு வளர்ந்தது. அம்மரபின் மொழி ஆங்கிலம். தொழில்வல்லுநர் தம்முள் அறிவைப் பரிமாறிக்கொள்வதற்கு அது போதுமானதாயிருந்தது. பொதுமக்களோடு பேசும் பொறுப்பு அரசின் சுகாதாரத் திணைக்களத்துக்கும், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதுக்கும் உரியதென விடப்பட்டது. இந்தப் பிரிவினை 2020இல் உடைந்தது. கொவிட் பெருந்தொற்றின் தொடக்கத்திலேயே, நோயோடு பொய்த்தகவலும் தொற்றிப் பரவுகின்றதென உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில், கொவிட் நோயைக் குணப்படுத்துவதாகக் கூறப்பட்ட பாணி ஒன்றைப் பெறுவதற்குக் கேகாலை மாவட்டத்துக் கிராமமொன்றில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இடைவெளி பேணுங்கள் என்று மருத்துவர்கள் மன்றாடிக்கொண்டிருந்த வேளையில் மக்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு வரிசையில் நின்றனர். பாணி செய்தவருக்கு ஒரு சபை இருந்தது. பட்டமும் ஆய்வும் பெற்ற சங்கங்களுக்கு அது இல்லை. அதனைக் கண்ட எந்தச் சங்கத்துக்கும் தன் குரல் எட்டும் தூரத்தைக் கூட்டவேண்டுமென்ற வேட்கை எழுவது இயல்பே.

ஆகவே வேட்கை சரி. அதனை அளக்கும் கோலையே நான் ஐயுற்றேன்.

முகநூல் போன்ற ஊடகங்களின் இயங்குமுறையை அறிந்தோர்க்கு இவ்வையம் புதியதன்று. ஒரு பக்கத்தைப் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தால், அது வெளியிடும் பதிவு பத்தாயிரம் பேர் கண்ணிலும் படுவதில்லை. யாருக்கு எதனைக் காட்டுவதென்று நிறுவனத்தின் கணிப்புமுறையே தீர்மானிக்கிறது. 2018 ஜனவரியில், நிறுவனங்களின் பக்கங்களைவிட உறவினர், நண்பரின் பதிவுகளுக்கே முன்னுரிமை தரப்போவதாக முகநூல் அறிவித்தது. அன்றிலிருந்து பக்கங்கள் பணம் செலுத்தித் தம் பதிவைத் தள்ளிவிடும் வழக்கம் மேலும் வலுத்தது. பணத்தால் தள்ளப்பட்ட பதிவு, விருப்பக் குறி இடும் பழக்கமுள்ளவர்களையே தேடிச் செல்லும். எங்கள் பக்கத்தில் அவர்கள் பெரும்பாலும் யார்? கொழும்பிலும் கண்டியிலும் வாழும் மருத்துவர், மருத்துவ மாணவர், அவர்தம் சுற்றத்தார். கை கழுவுதலின் சிறப்பைப் பற்றி மருத்துவருக்கே எடுத்துரைத்து அவர்களிடமிருந்தே விருப்பக் குறி பெற்றோம். கோடு ஏறிற்று.

பணமின்றியே ஒரு தொழிற்சங்கத்தின் சொல் நாடு முழுவதும் எதிரொலித்ததற்கும் உதாரணமுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 2018 ஒக்டோபர் இறுதியில், துப்பாக்கியால் நிகழும் காயங்களையும் மரணங்களையும் குறைப்பது பற்றி அமெரிக்க மருத்துவர் கல்லூரி ஒரு நிலைப்பாட்டுக் கட்டுரையை வெளியிட்டது. அத்தகைய கட்டுரைகளை அத்துறையினர் வாசிப்பர், நூலகம் பாதுகாக்கும். ஆனால் நவம்பர் 7ஆந் திகதி, தேசிய றைபிள் சங்கம் அன்று டுவிற்றர் எனப்பட்ட ஊடகத்தில், மருத்துவர்கள் தமக்குரிய பாதையில் நின்றுகொள்ளட்டும் என்று ஏளனமாக எழுதியது. அவ்விரவே கலிபோர்னியாவில் தவுசன்ட் ஓக்ஸ் என்னுமிடத்தில் ஒருவன் பன்னிருவரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் சத்திரசிகிச்சை நிபுணர்களும் அவசர சிகிச்சை மருத்துவரும் தம் குருதி தோய்ந்த உடைகளையும், நோயாளியின் உறவினரிடம் இறப்பைச் சொல்வதற்கு முன் தாம் அமரும் கதிரையையும் படமெடுத்து, இதுவே எங்கள் பாதை என்று பதிலிறுத்தனர். அவர்களுள் ஒருவரான ஜோசப் சக்ரன், 1994இல் பதினேழு வயதில் தொண்டையில் துப்பாக்கிச் சூடுபட்டுப் பிழைத்துப் பின்னர் சத்திரசிகிச்சை நிபுணரானவர். இந்நிகழ்வை எங்கள் கூட்டத்தில் ஒருவர் உதாரணமாகக் காட்டி, நாமும் இவ்வாறு ஒரு சுலோகம் உருவாக்கவேண்டும் என்றார். எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. கட்டுரையைச் சங்கம் எழுதியது. அதற்குச் செவி தேடித்தந்தவை, பெயரும் முகமும் அனுபவமும் உடைய தனிமனிதரின் குரல்கள்.

இதற்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை, அங்கிருந்து இங்கு வந்த ஒருவரை நினைத்தாலே போதும் என்று என் பெரியம்மா கூறுவார். அவர் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார மருத்துவமாது. வடமராட்சியில் முப்பது ஆண்டுகள் சைக்கிளில் அலைந்தவர். அவர் நினைவூட்டியது மானிப்பாயில் மருத்துவப்பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீனை. 1847இல் இலங்கை வந்த கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார். இரணவைத்தியம், வைத்தியாகரம் முதலிய நூல்கள் அவரும் அவர்தம் மாணாக்கரும் உழைத்த உழைப்பின் பேறு. இரசாயனவியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டனர். தமிழ்ப் பற்றாளர் சிலருக்கு அப்பெயர் உவப்பாயிராது. எனக்கு அதில் ஒரு துணிவு தெரிகின்றது: நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை நோயாளியைக் காத்திருக்கச் செய்வதில்லை என்ற துணிவு. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அவரிடம் பயின்ற தமிழ் மருத்துவர்கள் தத்தம் ஊர்களில் தம் மொழியில் மருத்துவம் பேசினர். அவருக்கிருந்த சபையைக் கணக்கிடுவதாயின், மானிப்பாய்க்கு வந்தவர்களை மட்டும் எண்ணினாற் போதாது.

மொழிபெயர்ப்பில் நான் கண்ட சிக்கலும் இதனோடு தொடர்புடையது. நம் நாட்டில் பாடநூல்களின் வழியாகவும் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளின் வழியாகவும் வளமான கலைச்சொல் மரபு உருவாகியுள்ளது. குருதியமுக்கம், நிர்ப்பீடனம், குருதிச் சிறுதட்டு ஆகிய சொற்கள் பரீட்சை எழுதிய எவருக்கும் பழக்கமானவை. அவற்றை நான் மதிக்கிறேன். அவையின்றித் தமிழில் உயிரியல் கற்றிருக்க இயலாது. ஆனால் குருதியமுக்கம் உள்ள ஒருவர் கிளினிக்கில் தமக்குப் பிறசர் என்றே சொல்கிறார். நீரிழிவு யாழ்ப்பாணத்திற் சலரோகமாகவும், வேறிடங்களிற் சீனி வருத்தமாகவும், சில வீடுகளில் வெறும் சீனியாகவும் இருக்கிறது. மாத்திரை என்பது எங்கள் பக்கத்திற் குளிசை. பரசிட்டமோல் என்று எழுதினால் விளங்காத வீட்டில் பனடோல் என்றால் விளங்கும். ஆனால் அது வணிகப் பெயராகையால் சங்கம் எழுதாது. அதன் நியாயமும் எனக்குப் புரிகின்றது.

டெங்கு நோய் பற்றிய பதிவொன்றை மொழிபெயர்த்தபோது இச்சிக்கல் வெறும் சொல்விவகாரமன்று என்பது தெளிவாயிற்று. 2017ஆம் ஆண்டு இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்நோயின் கொடுமை யாதெனில், காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளையாகும். அப்போதுதான் குருதியின் திரவம் நாளங்களிலிருந்து கசியத் தொடங்கும். வீட்டாரோ காய்ச்சல் விட்டது, பிள்ளை தப்பியது என்று நிம்மதி அடைவர். ஆங்கில மூலத்தில் இக்கட்டம் ஒரு கலைச்சொல்லால் குறிக்கப்பட்டிருந்தது. அதனை முறைப்படி தமிழாக்கினால் ‘திரவக் கசிவு அவத்தை’ என வரும். பாடநூலுக்கு அது பொருத்தமே. நள்ளிரவில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாய்க்கு அது எதனையும் சொல்லாது. ‘காய்ச்சல் விட்டதும் கவனத்தை விடாதீர்கள், பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு நொந்தால், தொடர்ந்து சத்தி எடுத்தால், சலம் குறைந்தால் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்’ என்று நான் எழுதினேன். பேச்சுவழக்கு மிகுந்துவிட்டது, சங்கத்தின் கௌரவத்துக்கு ஏற்றதன்று எனத் திருத்தம் வந்தது. அஸ்பிரின், இபுபுறோபன் முதலியவற்றைக் கொடுக்கலாகாது என்ற வரியை மட்டும் தடித்த எழுத்தில் விடுவதற்கு இணங்கினர். பப்பாசி இலைச் சாறு பற்றிய வட்ஸ்அப் செய்தியோ அதே மாதத்தில், எவரும் கேளாமலே, நல்ல பேச்சுத் தமிழில் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வாறிருக்க, 2024 நவம்பர் இறுதியில் வடக்கில் பெருமழை பெய்து வெள்ளம் பரவியது. டிசெம்பர் முற்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சல் கண்டவர்கள் சிலர் சில நாள்களுள் மூச்செடுக்க இயலாத நிலையடைந்து ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். இறந்தவர்களும் நோயுற்றவர்களும் பெரும்பாலும் எங்கள் வடமராட்சிப் பகுதியினர். என் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் ‘மர்மக் காய்ச்சல்’ என்ற சொல் பல முறை வந்தது. புதுவகைக் கொறோனா என்றார் ஒருவர். கிணற்று நீரில் நஞ்சு என்றது இன்னொரு செய்தி. கனடாவிலுள்ள மாமா எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கும்படி கட்டளையிட்டார். என் சித்தப்பா வயற்காரர். வெள்ளம் வற்றிய வயலுக்குள் நாள்தோறும் காலை வைத்துக்கொண்டிருந்தவர். நான் கண்டியிலிருந்து தொலைபேசியில் அழைத்தால், வயலில் நிற்பதாகச் சித்தி கூறுவார்.

இரத்தப் பரிசோதனைகள் அதனை எலிக்காய்ச்சல் என்று காட்டின. மர்மம் எதுவுமில்லை. எலி முதலிய விலங்குகளின் சலத்திலிருந்து வெளியேறும் பற்றீரியா சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருந்து, காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியாகவும் உடலுட் புகும். காய்ச்சல், கெண்டைக்கால் தசைகளில் கடும் நோவு, கண் சிவத்தல், சலம் குறைதல் ஆகியன அதன் குறிகள். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் எளிதில் மாறக்கூடியது; பிந்தினால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கிக் கொல்லக்கூடியது. வயலில் இறங்குவோர் வாரமொரு முறை எடுக்கும் தடுப்பு மருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக இலவசமாகவே கிடைக்கின்றது. ஆகவே இந்த நோயில் உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரம் பலவேளைகளில் ஒரு செய்தியின் தூரமே.

அச்செய்தியை எங்கள் சங்கம் வெளியிட முனைந்தது. ஆங்கிலப் பிரதி கிடைத்த அன்றிரவே நான் தமிழாக்கி அனுப்பினேன். தமிழ்ப் பிரதியை ஒப்புநோக்கி அனுமதிக்க வேண்டிய நிபுணர் வெளிநாட்டு மாநாடொன்றில் இருந்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் குழுவில் அவர் ஒருவரே. நான்காம் நாள் பதிவு வெளிவந்தது. ‘உரிய முற்காப்புச் சிகிச்சையைப் பெறுவதற்குப் பிரதேச சுகாதார அதிகாரிகளை நாடவும்’ என்பது அதில் இருந்த முதன்மையான வாக்கியம். மேலே சங்கத்தின் இலச்சினை, கீழே மூவர் பதவிப்பெயர். படத்தைப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். சில நிமிடங்களில் அழைத்தார். “பிள்ளை, எனக்கு விளங்குது. வயலுக்குப் போறவனுக்கு விளங்காது. முற்காப்பு எண்டால் காப்பு வளையல் எண்டு நினைப்பான்” என்றார். பின்னர் அவர் செய்ததை நான் மறுநாளே அறிந்தேன். தம் கைத்தொலைபேசியை எடுத்து, தம் பெயரையும், தாம் முன்னர் அவ்வூரில் மருத்துவமாதாக இருந்ததையும் சொல்லி, ‘வயலுக்கு இறங்க முன்னம் எம்.ஓ.எச். ஒபிசுக்குப் போய்க் கேளுங்கோ, எலிக்காய்ச்சலுக்குக் குளிசை சும்மா தருவினம். காய்ச்சல் காய்ஞ்சால் வீட்டிலை கிடக்காமல் அண்டைக்கே ஆசுபத்திரிக்குப் போங்கோ’ என்று குரற்பதிவு ஒன்றைத் தயாரித்து, கோயிற் குழு, கமக்காரர் குழு, தம்மிடம் பிரசவ ஆலோசனை பெற்ற தாய்மார் குழு ஆகிய மூன்றுக்கும் அனுப்பியிருந்தார். சித்தப்பா பணிமனைக்குச் சென்றது அதைக் கேட்டே. நான் அனுப்பிய படத்தை அவர் திறந்தும் பார்க்கவில்லை. கண்ணாடி வயலிலா கொண்டுபோவது என்று கேட்டார்.

அம்மாதக் கூட்டத்தில் வரைபு வழமைபோற் காட்டப்பட்டது. எலிக்காய்ச்சல் பற்றிய தமிழ்ப் பதிவை மிகச் சிலரே பார்த்திருந்தனர். தமிழ்ப் பதிவுகளுக்கு வரவேற்பில்லை. இவற்றுக்குச் செலவிடும் நேரத்தை ஆங்கிலக் காணொளிக்குச் செலவிடலாம் என ஒருவர் முன்மொழிந்தார். அவர் தீய எண்ணத்தோடு கூறவில்லை. இலக்கம் அவருக்கு அப்படிச் சொன்னது. அப்பொழுது பெரியம்மாவின் குரற்பதிவை ஒலிக்கச் செய்தேன். அது என்னிடம் திரும்பி வந்தது பெரியம்மாவிடமிருந்தன்று. பருத்தித்துறையைச் சேர்ந்த விளையாட்டுக் கழகமொன்றின் குழுவிலிருந்து, என் அறைத்தோழியின் தம்பி வழியாக வந்தது. அதற்குள் எத்தனை கை மாறியதோ, எந்த வரைபிலும் அது இல்லை.

இதையொத்த வேறொன்றை ஒலுவிலைச் சேர்ந்த சக மாணவன் ஒருவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். கொவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் தகனமே செய்யவேண்டுமென 2020இல் அரசு விதித்திருந்தது. அடக்கம் செய்யலாமென உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும், இருபது நாள் நிரம்பிய முஸ்லிம் குழந்தையொன்று அவ்வாண்டு டிசெம்பரில் தகனம் செய்யப்பட்டது. 2021 ஜனவரித் தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கம், அடக்கம் செய்வதில் தடையில்லை என்ற அறிவியல் நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு அன்றைய சூழலில் துணிவு வேண்டியிருந்தது. பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. கட்டாயத் தகனத்துக்காக 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோரியது. “அந்த அறிக்கை எங்கட உம்மாவுக்கு எப்படிக் கிடைச்சது தெரியுமா?” என்று அவன் கேட்டான். பள்ளிவாசல் குழுவில் ஒரு மௌலவி அதன் சாரத்தைத் தமிழில் வாசித்து அனுப்பிய குரலாக. உம்மா அதை நான்கு முறை கேட்டாராம். டொக்டர்மார் நம்மைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று அண்டை வீட்டாரையும் அழைத்துக் கேட்பித்தாராம். அந்த உம்மா எந்தச் சங்கத்தின் பக்கத்தையும் பின்தொடர்பவரல்லர்.

எங்கள் கூட்டத்தில் இதற்கெதிராக எழுந்த வாதம் இலேசானதன்று. அதனை எழுப்பிய மருத்துவரை நான் மதிக்கிறேன். பாணிக்கு ஆள் சேர்த்ததும் இதே வழிதானே என்றார் அவர். குரலை நம்பி மருந்து உண்ணும் மக்கள், நாளை ஒரு போலிக் குரலையும் நம்புவர். சங்கத்தின் இலச்சினையை வெட்டிவிட்டு எவரும் எதையும் சேர்த்து அனுப்பலாம். பிழை நேர்ந்தாற் பழி சங்கத்துக்கே வரும். மேலும், ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர் தவறாகக் கூறியிருந்தால் யார் திருத்துவது? இவ்வினாக்களுக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் செய்தி நான்கு நாள் தாமதித்தால் அவ்விடத்தை வேறொன்று நிரப்பும் என்பது ஐயமற்றது. பெரியம்மாவின் குரலை ஊரார் நம்பியது அது குரலென்பதால் அன்று. அக்குரலுக்குரியவர் முப்பது ஆண்டுகளாகத் தம் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தவர், அழைத்தால் வருபவர், பிழை சொன்னால் படலையில் வந்து கேட்கக்கூடியவர் என்பதால். நாங்கள் தேடிய சபை முன்னரே கூடியிருந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் அதன் நடுவே அமர்ந்திருந்தார். அவருக்குச் சரியான செய்தியைக் காலத்தில் கொடுப்பதே சங்கம் செய்யக்கூடியதாயிருந்தது.

நீண்ட விவாதத்தின்பின் சில முடிவுகள் எட்டப்பட்டன. தமிழ் வாசிக்கக்கூடிய மூவர் ஒப்புநோக்கும் பணிக்குச் சேர்க்கப்பட்டனர். ஒருவர் இல்லாவிடின் மற்றவர் அனுமதிக்கலாம். பக்கத்தில் தமிழிலோ, ஆங்கில எழுத்தால் எழுதிய தமிழிலோ வரும் வினாக்களுக்கு ஒவ்வோர் இரவும் ஒருவர் பதிலளிப்பதென்றும், தனியாளின் நோயைப் பற்றிக் கேட்டால் மருந்து கூறாமல் செல்லவேண்டிய இடத்தையும், அவசரமாயின் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தையும் கூறுவதென்றும் ஏற்றனர். அதுவரை அவ்வினாக்கள் கிழமைக்கணக்கிற் கிடந்தன என்பதைச் சொல்லியாகவேண்டும். கேட்டவர்கள் எத்தனை பேர் திரும்பி வராமற் போனார்களோ. மூன்றாவது முடிவுக்கே எதிர்ப்பு அதிகமிருந்தது: களத்தில் பணியாற்றும் மருத்துவமாதரும் தாதியரும் தத்தம் பிரதேசத் தமிழில் ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குரற்பதிவுகளைத் தயாரிப்பது. தொடக்கத்தில் பேசுபவர் தம் பெயரையும் பதவியையும் ஊரையும் திகதியையும் சொல்லவேண்டும். திகதி இல்லாத பதிவு ஈராண்டு கழித்தும் புதிது போல் உலாவும் என்பது எல்லாருடைய அனுபவமும். மட்டக்களப்புக்கு ஒருவர், மலையகத்துக்கு ஒருவர், மன்னாருக்கு ஒருவர், வடமராட்சிக்கு ஒருவர் எனத் தேடினோம்.

முதலாவது பதிவு எலிக்காய்ச்சல் பற்றியதாயிருக்க, அதனைப் பேச என் பெரியம்மாவே இணங்கினார். இம்முறை அவர் பேசவேண்டிய பிரதியை நிபுணர் இருவர் பார்த்துத் திருத்தியிருந்தனர். டொக்சிசைக்கிளின் என்ற பெயரைச் சொல்வதா விடுவதா என்று ஒரு கிழமை விவாதம் நடந்தது. கடையில் தாமே வாங்கி உண்பர் என்பது ஒரு சாரார் அச்சம். பெயர் தெரியாவிடின் பணிமனையில் எதைக் கேட்பது என்பது மறுசாரார் வினா. ‘எலிக்காய்ச்சல் குளிசை’ என்பதோடு விட்டனர். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அக்குளிசையைத் தாமாக எடுக்கலாகாது என்ற வரி பின்னர் சேர்க்கப்பட்டது. அதனாற் பதிவு ஒரு நிமிடத்தைக் கடந்தது. மூன்று முறை பேசிப் பார்த்தும் கடந்தது. ஒரு வாக்கியத்தைக் குறைக்கும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எதைக் குறைப்பதென்று பெரியம்மாவிடமே விடப்பட்டது. கர்ப்பிணிகள் பற்றிய வரியைத் தொடவிடமாட்டேன் என்று அவர் முதலிலேயே கூறிவிட்டார். தொடக்கத்தில், இச்செய்தியை வழங்குபவர்கள் இன்ன ஆண்டு நிறுவப்பட்ட இன்ன சங்கத்தினர் என்று சங்கத்தை அறிமுகப்படுத்தும் வாக்கியம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டார். ஐம்பத்தெட்டு விநாடியில் முடிந்தது.